நத்தாருக்குக் கையால பின்னிக் குடுக்கிறதும் வாங்கிறதும்: என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நவம்பர் பிறந்து மழை பிடிச்சா என்ட போனுக்கு ரெண்டு விதமான மெசேஜ்தான் வரும். ஒண்டு வெளிநாட்டுல இருந்து, "அங்க வெள்ளமா?" எண்டு. மற்றது இஞ்ச உள்ள ஆக்கள்ட, "அக்கா நத்தாருக்கு ஆருக்காவது ஏதாவது பின்னிக் குடுக்கணும், என்ன பின்னலாம், எப்ப தொடங்கணும், பிழைச்சா என்ன செய்யிற" எண்டு. நான் மட்டக்களப்புக் கல்லடியில இரிக்கிறன், பெரிய டீச்சர் ஒண்டும் இல்ல, பதினெட்டு வருசமாப் பின்னிப் பின்னி அவிழ்த்த ஆள், அவ்வளவுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் மெசேஜ் போட்டுக் களைச்சுப்போய் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப்போட்டன்.

மட்டக்களப்பு வெக்கைக்குள்ள வூல் பின்னிக் குடுக்கிறது பைத்தியமில்லையா?

ஓம், தடிச்ச வூல் மப்ளர் எண்டா பைத்தியந்தான். டிசம்பர்ல எங்களுக்கு நல்ல மழை, எண்டாலும் பகல்ல 27, 28 பாகை, ராவைக்கு 23, 24 பாகை. அதையே நாம "என்னகா இந்தக் குளிர்" எண்டு சொல்லிப் போர்த்துக்கொண்டு படுப்பம், அது வேற கதை. ஆனா பின்னல் எண்டாலே ஸ்வெட்டர் எண்டு ஏன் நினைக்கணும்? கொட்டன் நூல்ல பின்னுறதுக்கு நூறு சாமான் கிடக்கு. பூசைக்குப் போடுற லேஸ் முக்காடு, செபமாலை போடுற குட்டிப் பை, தண்ணிப் போத்தலுக்குத் தோள்ல மாட்டுற உறை, பைபிள் உறை, குசன் கவர், போன் பை, மரத்துல தொங்கப்போடுற நட்சத்திரம். எனக்கு ஆகக்கூட நல்ல பேர் எடுத்துத் தந்த சாமான் என்னெண்டா ஹெல்மெட்டுக்கு உள்ளுக்கப் போடுற மெல்லிய கொட்டன் தொப்பி. மச்சான்மார் மூண்டு பேருக்குப் பின்னிக் குடுத்தன், வேர்வையை உறிஞ்சுது, கழுவிக் காயப்போடலாம், மூண்டு பேரும் இண்டைக்கும் போடுறாங்க. அதுக்கு முந்தின வருசம் அதே மூண்டு பேருக்கும் மப்ளர் பின்னினன், அது எங்க எண்டு அவங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா.

ஊசியை எடுக்க முதல் ஒருக்கா கண்ணை மூடி யோசிங்க, சாதாரண ஒரு செவ்வாக்கிழமை காலம 10 மணிக்கு அந்த ஆள் வீட்டுல இந்தச் சாமான் எங்க கிடக்கும் எண்டு. அலுமாரிக்குள்ளதான் எண்டா வேற ஒண்டப் பின்னுங்க.

நிட்டிங்கும் குரோஷேயும் ஒண்டா? கைத்தறியும் இதுதானே?

மூண்டும் மூண்டு. ரெண்டு நீட்டு ஊசியால வரிசை வரிசையா கண்ணி ஏத்திக்கொண்டு போறது நிட்டிங். ஒரே ஒரு கொக்கி ஊசியால ஒவ்வொரு கண்ணியா முடிச்சு முடிச்சுப் போறது குரோஷே. எங்கட பக்கத்துல வீடுகள்ல ரீவிக்கு மேல, மேசைக்கு மேல கிடக்கிற வெள்ளை லேஸ் எல்லாம் குரோஷேதான். மருதமுனையில தறியில நெய்யிறது வேற, அதுல பாவு ஒரு நூல், ஊடு ஒரு நூல், ரெண்டும் குறுக்க மறுக்கப் போகும், இழுத்தா பெரிசா இளகாது. பின்னல்ல ஒரே நூல்தான் வளைஞ்சு வளைஞ்சு தன்னையே கோத்துக்கொண்டு போகும், அதாலதான் ரப்பர் மாதிரி இழுபடும், தலைக்கும் காலுக்கும் போடுற சாமானுக்கு அதான் நல்லம். ஆனா நிட்டிங்ல ஒரு கண்ணி அறுந்தா ஏணி மாதிரி கீழ வரைக்கும் ஓடும். குரோஷே அப்பிடி ஓடாது. முதன்முதலாப் பழகிற ஆள் எண்டா நான் குரோஷேயத்தான் சொல்லுவன், பிழைச்சாலும் ஒரு கண்ணிதான் கையில இரிக்கும், நாப்பது கண்ணி ஊசியால வழுகி விழாது.

எந்த நூல் வாங்கிற? கடையில எல்லாத்தையும் "வூல்" எண்டுதான் சொல்லுறாங்க.

அதுதான் பிரச்சினையே. நம்மட கடைகள்ல "வூல்" எண்டு தாறதுல முக்கால்வாசி அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் வகை நூல். ஆட்டு மயிரோட அதுக்கு ஒரு தொடர்பும் இல்ல. அக்ரிலிக் கெட்டதெண்டு சொல்லல்ல, மலிவு, கலர் கூட, வாளியில போட்டுச் சும்மா கழுவலாம், பூச்சி அரிக்காது, பொம்மைக்கும் அலங்காரத்துக்கும் தங்கம். ஆனா வேர்வை உறிஞ்சாது, சூடு தாங்காது.

சூடு தாங்காது எண்டது எனக்கு எப்பிடித் தெரியுமெண்டா, கலியாணம் முடிச்ச முதல் நத்தாருக்கு மாமிக்கு நல்ல பேர் எடுக்கணுமெண்டு சிவப்பும் பச்சையுமா சட்டி பிடிக்கிற துண்டு நாலு பின்னினன். சதுரத் துண்டு, சுத்திவர வெள்ளை ஓரம், மூலையில கொழுவுறதுக்கு வளையம், பார்க்க அவ்வளவு வடிவு. நத்தார் அண்டைக்கு மத்தியானம் குசினி நிறைய ஆக்கள், மாமி அதுல ரெண்ட எடுத்து இறைச்சிக் கறிச் சட்டியைப் பிடிச்சு இறக்கினா, இறக்கி வெச்சிட்டுக் கையை எடுக்கப் பார்த்தா துண்டு வரல்ல. உருகிச் சட்டியில ஒட்டிட்டு. சிவப்புப் பிளாஸ்டிக் இழை இழையா இழுபடுது, ஒரு நாத்தம். நல்ல காலத்துக்குக் கைக்கு ஒண்டும் நடக்கல்ல. மாமி ஒண்டும் சொல்லல்ல, மறுகா பழைய சாரத் துண்டைத் தேடி எடுத்தா. அந்தச் சட்டியில அந்தச் சிவப்பு அடையாளம் இன்னும் கிடக்கு, ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தச் சட்டியிலதான் இறைச்சி காச்சுவா, வேணுமெண்டேதான் எண்டு நான் நினைக்கிறன்.

அதால சூட்டுக்குக் கிட்டப் போற எதையும் நூறு வீதம் கொட்டன்ல, ரெண்டு மடிப்பாப் பின்னுங்க. எது எண்டு தெரியாட்டி நூல்ல ஒரு சின்னத் துண்ட வெட்டி, பீங்கான்ல வெச்சுப் பத்தவெச்சுப் பாருங்க. கொட்டன் கடதாசி எரியிற மணத்தோட எரிஞ்சு சாம்பலாப் போகும், அக்ரிலிக் உருகிக் கறுத்துக் கட்டியாகும், உண்மையான வூல் மயிர் கருகிற நாத்தம் வரும். வெளியில வெச்சுச் செய்யுங்க, பிள்ளைகள் பக்கத்துல இல்லாத நேரம்.

எப்ப தொடங்கினா நத்தாருக்கு முடியும்?

நீங்க நினைக்கிற நேரத்துக்கு முதல். கணக்குப் பாருங்க: 150 சென்டிமீட்டர் நீட்டு, 20 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு மப்ளர், புதுசாப் பழகின ஆள் ரெண்டு மணித்தியாலத்துல 10 சென்டிமீட்டர் பின்னினா 15 நாள். அது ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் கிடைச்சா. பிள்ளைட சோதனை, கரோல் பிராக்டிஸ், கேக்குக்குப் பழம் வெட்டுற, வீடு பெயின்ட் அடிக்கிற, கரண்ட் போற, இதெல்லாம் கழிச்சா 15 நாள் ஒரு மாசம். அப்பிடி ஏழு பேருக்குக் குடுக்க நினைச்சா ஜூன்ல தொடங்கணும். நான் இப்ப ஒரு வருசத்துக்கு மூண்டு பேருக்குத்தான் பெரிய சாமான் பின்னுறது, மிச்ச ஆக்களுக்கு நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் அரை மணித்தியாலம்.

அந்த நட்சத்திரம் விறைப்பா நிக்கிறதுக்கு என்ன போடுற?

சோத்துக் கஞ்சி, இல்லாட்டி கடையில வாங்கிற ஸ்டார்ச். அதுல நனைச்சுப் பிழிஞ்சு, ஒரு பலகையில பொலித்தீன் விரிச்சு, குண்டூசியால மூலை மூலையாக் குத்திக் காயவிடணும். சீனிப் பாணியில நனைக்கிறது பழைய முறை, நல்லா விறைக்கும், கண்ணாடி மாதிரி இரிக்கும். நானும் ஒருக்கா சீனிப் பாணியில நனைச்சு முப்பது நட்சத்திரம் மரத்துல கட்டினன், விடிய எழும்பிப் பார்த்தா மரம் முழுக்கக் கட்டெறும்பு, பாலன் குடிலுக்குள்ளால வரிசை கட்டிப் போகுது. எங்கட ஊருக்குச் சீனி சரிவராது.

குழந்தை பிறந்த வீட்டுக்கு பேபி செட் பின்னிக் குடுக்கலாமா?

தாராளமா. தொப்பி, கையுறை, காலுறை எண்டு மூண்டும் சேர்ந்த செட் எங்கட ஆக்களுக்கு நல்லாப் பிடிக்கும். ஆனா இதுலதான் கவனமும் கூட வேணும்.

பிறந்த பிள்ளைட தலைச் சுத்தளவு சராசரியா 35 சென்டிமீட்டர் வரும். தொப்பி அதை விடச் சின்னனா, 31, 32 சென்டிமீட்டர்ல பின்னினா இழுபட்டுப் பிடிச்சு நிக்கும். கொட்டன் பெரிசா இழுபடாது, அதுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட விடுங்க. ஆனா நத்தாருக்குக் குடுக்கிறீங்க, பிள்ளை நவம்பர்ல பிறந்தது எண்டா அந்த அளவு ரெண்டு கிழமையில பத்தாமப் போயிரும், மூண்டு மாசத்து அளவுல, ஒரு 36 சென்டிமீட்டர்ல பின்னுங்க, பெருசெண்டா வளர்ந்து போடட்டும்.

கையுறை காலுறையை உள்பக்கம் வெளிய திருப்பிப் பார்க்காமக் குடுக்கக்கூடாது. உள்ளுக்க நூல் நீட்டிக்கொண்டு கிடந்தா பிள்ளைட விரல்ல சுத்தி இறுக்கும், விரல் வீங்கிப் போகும், பிள்ளை அழும், ஏன் அழுதெண்டு ஆருக்கும் விளங்காது. பெரிய ஓட்டை உள்ள டிசைனும் வேணாம், விரல் மாட்டும். கழுத்துல கட்டுற நாடா, ரிப்பன் வேணாம். பட்டன், மணி, முத்து ஒண்டும் வேணாம், எவ்வளவு இறுக்கித் தைச்சாலும் ஒரு நாள் கழரும்.

மற்றது, குடுக்கிற நேரம் தாய்க்குச் சொல்லுங்க, தொப்பியைப் பயணம் போகக்க, மழைக்காத்துல போடுங்க, வீட்டுக்குள்ள பிள்ளை நித்திரை கொள்ளக்க கழட்டி வைங்க எண்டு. பிள்ளைக்கு மேல் சூடு கூடினா அது தலையாலதான் வெளிய போகும், தலையை மூடி வெச்சா போக வழியில்ல. ஆஸ்பத்திரியில பிறந்த உடனே தொப்பி போடுறது வேற, நிறை குறைஞ்ச பிள்ளைக்கு டாக்டர் போடச் சொல்லுறது வேற. அம்மம்மாமார் இதக் கேட்டாக் கோவிப்பாங்க, "நாங்க வளர்க்கல்லையா?" எண்டு. கோவிக்கட்டும்.

பொம்மைக்குக் கண் வைக்கிறது எப்பிடி?

மூண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு எண்டா கறுத்த நூலால தைச்சு விடுங்க. கடையில விக்கிற பிளாஸ்டிக் கண் பின்னுக்குப் பூட்டுப் போட்டதாத்தான் இரிக்கும், ஆனா கண்ணிக்குள்ளால பிடுங்கி எடுக்கிற பல்லு பிள்ளைக்கு இரிக்கு.

கனடாவுல, லண்டன்ல, சுவிஸ்ல உள்ள சொந்தத்துக்கு அனுப்பலாமா?

அவங்களுக்குத்தான் உண்மையில அனுப்பணும், குளிர் அங்கதானே. ஆனா ரெண்டு விசயம் கேட்டிட்டுப் பின்னுங்க. முதலாவது அளவு. "மீடியம்" எண்டு சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, அவங்களுக்குப் பிடிச்ச ஒரு ஸ்வெட்டரைக் கட்டில்ல விரிச்சு நெஞ்சு அகலம், நீட்டு, கை நீட்டு மூண்டையும் அளந்து அனுப்பச் சொல்லுங்க. வளர்ந்த ஆள்ர தலை 54 தொடக்கம் 58 சென்டிமீட்டருக்குள்ள வரும், தொப்பிக்கு அதுல நாலைஞ்சு குறைச்சுப் பின்னினாக் காணும்.

ரெண்டாவது, எப்பிடிக் கழுவுவாங்க எண்டு. அங்க எல்லாத்தையும் மெஷினுக்குள்ள தள்ளுவாங்க. சாதாரண வூல் இழையில மீன் செதில் மாதிரி செதில் கிடக்கு, சுடுதண்ணியும் உரசலும் பட்டா அந்தச் செதில் ஒண்டோட ஒண்டு கொழுவி இறுகும், ஆறடி மாமாட ஸ்வெட்டர் ஆறு வயசுப் பிள்ளைட ஸ்வெட்டரா வெளிய வரும். இறுகினா இறுகினதுதான், இழுத்தாலும் திரும்பி வராது. அதுக்கெண்டு சூப்பர்வாஷ் எண்டு செதிலை மழுக்கின வூல் வருது, இல்லாட்டி அக்ரிலிக்லயே பின்னுங்க. நூலையே அவங்களை வாங்கி அனுப்பச் சொல்லுறதும் ஒரு வழி, என்ட பெரியம்மாட மகள் அப்பிடித்தான், நூல் அங்க இருந்து வரும், ஸ்வெட்டர் இஞ்ச இருந்து போகும்.

தபால்ல எண்டா டிசம்பர்ல போய் நிக்காதீங்க, ஒக்டோபர் கடைசியிலயே அனுப்புங்க. கஸ்டம்ஸ் பத்திரத்துல "பரிசு" எண்டு மட்டும் எழுதாம "கையால பின்னின ஸ்வெட்டர் 1" எண்டு விவரமா எழுதுங்க. ஆராவது போறாங்க எண்டு தெரிஞ்சா குடுத்து விடுறது இன்னும் நல்லம், ஆனா அவங்கட பெட்டிக்குள்ள ஏற்கனவே கருவாடும் மிளகாய்த்தூளும் கிடக்கும், ஸ்வெட்டரை ரெண்டு பொலித்தீன்ல சுத்திக் குடுங்க. ஒருக்கா சுத்தாமக் குடுத்து, அங்க ஒரு சின்னப் பிள்ளை அந்தத் தொப்பியைப் போடவே மாட்டனெண்டு நிண்டுது. கீரி மீன் மணமாம்.

மற்றப் பக்கம்: நோர்வேல இருந்து மச்சாள் தன்ட கையால தடிச்ச ஸ்வெட்டர் பின்னி அனுப்பிட்டா. இஞ்ச அத வெச்சு என்ன செய்யிற?

முதல்ல போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வேர்த்தாலும் பரவால்ல, அஞ்சு நிமிசம். ஃபேனைக் கூட்டி விடுங்க. அந்தப் போட்டோக்காகத்தான் அவ அங்க இருட்டுக்குள்ள குந்தி மாசக்கணக்காப் பின்னியிருக்கா.

மறுகா, பாவிக்க இடமில்லாம இல்ல. ராவைக்குக் கொழும்பு போற ஏசி பஸ்ல ஏறினா உங்களுக்கே விளங்கும், அந்தக் குளிர் நோர்வேலயும் இல்ல. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ஜனவரி ராவுகள்ல 10 பாகைக்குக் கிட்ட இறங்கும், பள்ளிக்கூட ட்ரிப்புக்குப் போற பிள்ளைக்குக் குடுத்து விடலாம், பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போற டீச்சருக்கு இரவல் குடுக்கலாம். என்ட ஸ்வெட்டர் எங்கட ஒழுங்கையில நாலு வீட்டுக்குப் பொது, ஆர் மலைநாட்டுப் பக்கம் போனாலும் வந்து வாங்கிக்கொண்டு போவாங்க, ஒவ்வொரு ட்ரிப்பையும் போட்டோ எடுத்து மச்சாளுக்கு அனுப்புவன். அவக்கு அதுல சரியான பெருமை.

ஒரு பின்னல் பரிசு கிடைச்சிரிக்கு, எனக்குப் பிடிக்கல்ல. என்ன சொல்லுற?

"எவ்வளவு நாள் எடுத்திச்சு?" எண்டு கேளுங்க. பொய் சொல்லத் தேவையில்ல, பின்னின ஆள் அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டு இரிப்பா, அரை மணித்தியாலம் அவதான் கதைப்பா. "எவ்வளவு காசு முடிஞ்சிச்சு?" எண்டு மட்டும் கேட்டிராதீங்க. "இத வித்தா நல்ல காசு வருமே" எண்டதும் வேணாம், பாராட்டு மாதிரிக் கிடக்கும், ஆனா கேக்கிற ஆளுக்கு ஒரு மாதிரிப் போகும்.

உடனே அதே அளவுக்குத் திருப்பிக் குடுக்கணுமெண்டு ஓட வேணாம். நம்மட பழக்கம் தெரியும்தானே, நத்தாருக்கு ஒரு வீட்டுல இருந்து பலகாரத் தட்டு வந்தா அந்தத் தட்டை வெறுமையாத் திருப்பிற இல்ல, ரெண்டு கரண்டி சீனியாவது போட்டுத்தான் குடுப்பம். கேக்குக்குக் கேக் இல்ல, சீனிதான். இதுக்கும் அவ்வளவு காணும். போட்டுக்கொண்டு ஒரு நாள் அவட வீட்டுப் பக்கம் போங்க, அதான் சீனி.

நான் பின்னிக் குடுத்தத அவ வேற ஆளுக்குக் குடுத்திட்டா. மனசு விட்டுப்போச்சு.

எனக்கும் நடந்திரிக்கு. முக்காடு ஒண்டு, மூண்டு மாசம், அன்னாசி டிசைன். மற்ற வருசம் நள்ளிரவுப் பூசையில எனக்கு முன் வரிசையில தெரியாத ஒரு ஆள்ர தலையில அது இரிக்கு. சாமியார் பிரசங்கம் வெச்ச நேரம் முழுக்க நான் அந்த மூலையில பிழைச்ச ஒரு கண்ணியத்தான் பார்த்துக்கொண்டு இருந்தன், என்ட முக்காடுதான், சந்தேகமே இல்ல. கோவம் வந்திச்சு. ஆனா பாருங்க, நான் குடுத்த ஆள் பூசைக்குப் போறதே வருசத்துல ரெண்டு தரம், அவவுக்கு முக்காடு பின்னினது என்ட பிழை. இது தேவைப்பட்ட ஆளுக்குப் போய்ச் சேர்ந்திரிக்கு. எண்டாலும் அவவுக்கு அடுத்த வருசம் நட்சத்திரந்தான் குடுத்தன், அதையும் சொல்லத்தானே வேணும்.

காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினா பிரிஞ்சிருவாங்க எண்டு சொல்லுறாங்களே, உண்மையா?

வெள்ளைக்காரப் பின்னல்காரருக்குள்ள இருக்கிற பழைய நம்பிக்கை அது, ஸ்வெட்டர் சாபம் எண்டு சொல்லுவாங்க. சாபம் ஒண்டும் இல்ல, ஒரு பெரிய ஆம்பிளை ஸ்வெட்டர் முடிய மாசக்கணக்கு எடுக்கும், அதுக்குள்ள எத்தனையோ காதல் தானாவே முடிஞ்சிரும். போன் பை பின்னுங்க, ரெண்டு நாள்.

ஆபிஸ்ல சீட்டுக் குலுக்கிப் பரிசு குடுக்கிறாங்க, இத்தனை ரூபாக்குத்தான் எண்டு கணக்கு இரிக்கு. பின்னினதக் குடுக்கலாமா?

குடுக்கலாம், ஆனா சீட்டுல வந்த ஆளை நல்லாத் தெரிஞ்சா மட்டும். தெரியாத ஆள் எண்டா மக் வாங்கிக் குடுங்க. நூல் காசு மட்டும் பார்த்தா பின்னல் மலிவு, கூலி சேர்த்தா ஆருக்கும் கட்டாது, ரெண்டுல எதக் கணக்கு வைக்கிற எண்டு ஆபிஸ்ல ஒருத்தரும் விளங்கிக்கொள்ளமாட்டாங்க, "கடையில வாங்கக் காசில்லாம வீட்டுல செஞ்சிட்டா" எண்டு ஒரு வாயாவது சொல்லும்.

"எனக்கும் ஒண்டு பின்னித் தாவன், நூல் காசு தாறன்" எண்டு கேக்கிறாங்க.

"இந்த வருசம் கை நிறைஞ்சிட்டு, ஊசி பிடிக்கப் பழக்கி விடுறன் வாங்க" எண்டு சொல்லுங்க. பத்துப் பேருக்குச் சொல்லி இருக்கன், வந்தது ரெண்டு பேர். அதுல ஒரு ஆள் என்னை விட நல்லாப் பின்னுறா இப்ப.

கழுவுறதும் எடுத்து வைக்கிறதும்?

வூல், கொட்டன் ரெண்டையும் பச்சைத் தண்ணியில, மெல்லிய சவுக்காரத்துல ஊறப்போட்டு அமத்தி எடுங்க, முறுக்கிப் பிழிய வேணாம். துவாய்க்குள்ள சுத்தி மிதிச்சா தண்ணி போயிரும். கொடியில தொங்கவிட்டா ஈரப் பாரத்துக்கு இழுபட்டு, போட்ட ஆளை விட ஸ்வெட்டர் நீளமாப் போகும், பாயில விரிச்சுத்தான் காயவைக்கணும். மாரியில ரெண்டு நாள் எடுக்கும், பரவால்ல, நல்லாக் காயாம மடிச்சு வெச்சா பூஞ்சணம் பிடிக்கும். அக்ரிலிக்குக்கு அயன் காட்டவே வேணாம், சூடு பட்டாத் தொளதொளத்துச் செத்துப்போகும், திரும்ப எழும்பாது.

பூச்சி உருண்டை போடுறதப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். வூலை அரிக்கிற அந்துப்பூச்சிட புழுவுக்கு மயிர்தான் சாப்பாடு, அக்ரிலிக்கையும் கொட்டனையும் அது தேடி வராது, அதுக்கு உருண்டை போடுறது வீண். கொட்டன் லேஸுக்கு எதிரி வேற, வெள்ளியா மினுங்கி ஓடுற ராமபாணப் பூச்சி, அதுக்குக் கஞ்சிதான் சாப்பாடு. அதால கஞ்சி போட்ட நட்சத்திரத்தையும் மேசை லேஸையும் கழுவி, கஞ்சி இல்லாமக் காயவெச்சு எடுத்து வைங்க, அடுத்த நத்தாருக்குத் திரும்பக் கஞ்சி போடலாம். பிள்ளைட உடுப்புக்குப் பூச்சி உருண்டை போடவே கூடாது. சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே ஜி6பிடி எண்ட ஒரு நொதி குறைவா இரிக்கும், பார்த்தாத் தெரியாது, அந்தப் பிள்ளைகளுக்கு உருண்டையில இரிக்கிற நப்தலின் உடுப்பால உடம்புக்குள்ள போனா சிவப்பணு உடைஞ்சு கடும் மஞ்சள் காமாலை வரும். காய்ஞ்ச வேப்பிலையத் துணியில முடிஞ்சு போடுங்க, அதுவும் பெட்டிக்குள்ள, உடுப்புக்குள்ள இல்ல.

பக்கத்து வீடு முஸ்லிம் ஆக்கள், மற்றப் பக்கம் சைவ ஆக்கள். அவங்களுக்கும் குடுக்கலாமா?

ஏன் குடுக்காம? பலகாரம் போகுதுதானே. ஆனா சிலுவை, தேவதூதன், நத்தார் பாப்பா டிசைனை நம்மட வீட்டோட வெச்சுக்கொள்ளுங்க. காத்தான்குடியில என்ட கூட்டாளிட வாப்பாக்கு வெள்ளைக் கொட்டன்ல தொழுகைத் தொப்பி பின்னிக் குடுத்தன், குரோஷேத் தொப்பி அவங்கள்ல கனபேர் போடுறதுதானே, அளவுக்கு அவர்ர பழைய தொப்பியக் கூட்டாளி களவா எடுத்துத் தந்தா. மற்றப் பக்கத்து மாமிக்குச் சாமிப்பட மேசைக்கு வட்ட லேஸ். ரெண்டு வீட்டுலயும் இருந்து தட்டு வெறுமையா வரல்ல, பெருநாளுக்கு வட்டிலப்பம், தைப்பொங்கலுக்குப் பொங்கல்.

நத்தார் அண்டைக்கு ஏலாமப் போனா அடுத்த நாள் கொண்டுபோய்க் குடுக்கலாமா?

எங்கட கரையில 26ந் திகதி வேணாம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலம சுனாமியில நடந்தது கல்லடி, நாவலடி, திருச்செந்தூர், டச்பார் பக்கத்துல எந்த வீட்டுலயும் மறக்கல்ல. அம்பாறைப் பக்கமும் அதே, இலங்கையிலயே ஆகக் கூட ஆக்கள் செத்தது அந்த மாவட்டத்துலதான், கல்முனை, காரைதீவு, திருக்கோவில் எண்டு கரை முழுக்க. எங்கட ஒழுங்கையில ஒரு வீடு 25ஆந் திகதி வெடி கொளுத்தும், 26 விடிய வாசல்ல விளக்கு வெச்சிட்டுக் கதவைச் சாத்திரும். வெளியூர்ல இருந்து மருமகளா வந்த புதுசுல எனக்கு இது தெரியா, சுத்தின பார்சலோட போய் கேட்டடியில நிண்டு கூப்பிட்டன். கதவு திறந்திச்சு, வாங்கினாங்க, தேத்தண்ணியும் தந்தாங்க, ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. வீட்ட வந்த புறகுதான் மாமி சொன்னா. இப்ப 27க்குத்தான் போறது.

24ஆந் திகதி ராவு, இன்னும் முடியல்ல. என்ன செய்யிற?

ஊசியோட சுத்திக் குடுங்க. வெக்கமெல்லாம் இல்ல, ஊசி முனைக்கு ஒரு றப்பர் துண்டு குத்தி விடுங்க, பிள்ளைகள் பிரிச்சாக் குத்தும். போன நத்தாருக்கு முந்தின நத்தாருக்கு மச்சாளுக்கு ஒரு சோடி காலுறை, அதுல ஒண்டுதான் முடிஞ்சிது, அந்த ஒண்டைப் பெட்டியில வெச்சு மற்றது வருமெண்டு சீட்டெழுதிக் குடுத்தன். அவவும் அத ஒரு கால்ல போட்டுக்கொண்டுதான் மத்தியானம் சாப்பிட்டா. மற்றது மாசி மாசம் போச்சு, பார்த்தா அது முதலாவதை விட ஒரு விரலளவு நீட்டு.